காய்ச்சல் ஒன்று, நோய் இரண்டு: சூடாகும் லேப்டாப்புக்கு எதில் காசு போடுவது?

சித்திரை பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை, வீட்டில் இரண்டு லேப்டாப்பும் ஒரே வாரத்தில் மக்கர் செய்தன. வேலூர் வெயில் ஊரறிந்தது. எங்கள் மாடி அறையில் மதியம் இரண்டு மணிக்கு மின்விசிறியைப் போட்டால் அது அனலைத்தான் அள்ளி இறைக்கும். அந்த அறையில்தான் என் மனைவி பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கிறாள். ஒருநாள் பாதி வகுப்பில் லேப்டாப் பேன் கத்தத் தொடங்கியது. "மிஸ், அங்க மழையா?" என்று ஒரு பையன் கேட்டான். அவள் பதில் சொல்வதற்குள் திரை அணைந்துவிட்டது.

இரண்டாவது லேப்டாப் என் அக்கா மகனுடையது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு; படிப்புக்கென்று சொல்லி வாங்கிய கேமிங் லேப்டாப். ஆட்டம் தொடங்கிப் பத்தாவது நிமிடத்தில் படம் திக்கித் திக்கி ஓடுகிறது என்று தூக்கிக்கொண்டு வந்தான். வரும்போதே தீர்ப்பையும் கையோடு கொண்டுவந்திருந்தான்: "மாமா, கூலிங் பேட் ஒண்ணு வாங்கணும். ஆயிரத்து எண்ணூறு ரூபாதான். அத்தைக்கும் சேத்து ரெண்டா வாங்கிடலாம்."

ஆக மூவாயிரத்து அறுநூறு ரூபாய். அதை எடுத்துக் கொடுப்பதற்கு முன் ஒரு மணி நேரம் அளந்து பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். அந்த ஒரு மணி நேரம் ஒரு வாரமாக நீண்டது. எது பலன் தந்தது, எதில் காசு வீண் என்று, இதே நிலையில் இருப்பவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

இரண்டு எண்கள்

இரண்டு லேப்டாப்பிலும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டேன். அதில் நூறு வரிகள் ஓடும். நமக்கு வேண்டியவை இரண்டு. ஒன்று பிராசசர் என்ற மூளைச் சில்லின் வெப்பநிலை. இன்னொன்று அந்த நேரத்தில் அது எத்தனை வாட் உறிஞ்சுகிறது என்பது. பெரும்பாலும் முதலாவதை மட்டும் பார்த்துப் பதறிவிட்டுக் கடைக்கு ஓடுகிறோம். தப்பு அங்கேதான் தொடங்குகிறது.

அறை 38 டிகிரி. வகுப்பு ஓடும்போது மனைவியின் லேப்டாப் 95 டிகிரி. கேம் ஓடும்போது மருமகனுடையதும் 95 டிகிரி. ஆனால் மனைவியின் பிராசசர் உறிஞ்சியது வெறும் 12 வாட், மருமகனுடையது 60.

இதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. சில்லின் சூடு என்பது அறையின் சூட்டோடு, வாட்டையும் தடையையும் பெருக்கிக் கூட்டியது. தடை என்றால், ஒவ்வொரு வாட்டும் வெளியேறுவதற்குள் சில்லு எத்தனை டிகிரி ஏறிவிடுகிறது என்பது. சில்லின் மேல் தடவிய பேஸ்ட், தாமிரக் குழாய், உலோக இறக்கைகள், பேன் எல்லாம் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. அறையைவிட 57 டிகிரி ஏறியிருக்கிறது. மனைவியின் லேப்டாப்பில் அதை 12-ஆல் வகுத்தால் வாட்டுக்கு 4.75 டிகிரி. மருமகனுடையதில் 60-ஆல் வகுத்தால் வாட்டுக்கு ஒரு டிகிரிகூட இல்லை. அவனுடையதில் பெரிய பேன்கள், தடித்த குழாய்கள். மூச்சு நன்றாகத்தான் விடுகிறது, தீனிதான் அதிகம். இவளுடையது கொஞ்சமாகத் தின்றும் மூச்சுத் திணறுகிறது. காய்ச்சல் ஒன்று, நோய் இரண்டு. இரண்டுக்கும் ஒரே மாத்திரையை வாங்கத்தான் மருமகன் புறப்பட்டிருந்தான்.

(கிராஃபிக்ஸ் சில்லும் அதே குழாய்களில் தன் சூட்டைக் கொட்டுவதால் கேமிங் லேப்டாப்பில் கணக்கு இவ்வளவு நேராக வராது. ஆனால் நோய் எந்தப் பக்கம் என்று சொல்ல இது போதும்.)

95 என்ற எண்ணைப் பார்த்துச் சில்லு உருகிவிடும் என்று பயப்பட வேண்டாம். இன்டெல்லின் லேப்டாப் சில்லுகள் பலவற்றுக்கு எல்லை 100 டிகிரி. அதை நெருங்கினால் சில்லு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; மருமகன் திக்கல் என்று சொன்னது அதைத்தான். குறைத்தும் அடங்காவிட்டால் எல்லாவற்றையும் அணைத்துவிடும்; மனைவிக்கு நடந்தது அது. சில்லு தன்னைக் காத்துக்கொள்ளும். அதன் பக்கத்தில் படுத்திருக்கிற பேட்டரிக்குத்தான் அந்த சாமர்த்தியம் கிடையாது. அதைப் பிறகு பார்ப்போம்.

தீனியைக் குறைப்பது: செலவு பூஜ்யம்

பிராசசர் தின்னும் மின்திறன், அது ஓடும் வேகத்தைப் பொறுத்து நேராக ஏறும். மின்னழுத்தத்தைப் பொறுத்து வர்க்கமாக ஏறும். மின்னழுத்தத்தை 10 சதவீதம் குறைத்தால் மின்திறன் 19 சதவீதம் குறையும். அதோடு வேகத்தின் உச்சியில் கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸை எட்டத்தான் அளவுக்கு மீறிய மின்னழுத்தம் தேவைப்படுகிறது. வேகத்தை 20 சதவீதம் விட்டுக்கொடுத்து, அதனால் மின்னழுத்தம் 15 சதவீதம் இறங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.8 பெருக்கல் 0.85 பெருக்கல் 0.85. கிட்டத்தட்ட 0.58. ஐந்தில் ஒரு பங்கு வேகத்தைக் கொடுத்து ஐந்தில் இரண்டு பங்கு சூட்டைத் தள்ளிவிடுகிறோம். எந்தக் கூலிங் பேடாலும் இது முடியாது.

இதைச் செய்ய மூன்று வழிகள்.

முதல் வழி விண்டோஸிலேயே இருக்கிறது. பவர் ஆப்ஷன்ஸ் உள்ளே போய், பிராசசர் பவர் மேனேஜ்மென்ட் என்ற பகுதியில் மேக்சிமம் பிராசசர் ஸ்டேட் 100 என்று இருப்பதை 99 ஆக்கினால் டர்போ, அதாவது தேவைப்படும்போது எகிறும் கூடுதல் வேகம், நின்றுவிடும். ஒரு சதவீதம்தான் குறைத்தோம் என்று தோன்றும், நடப்பது வேறு. சில்லு தன் அடிப்படை வேகத்துக்கு மேல் போகாது. இங்கே ஒரு கண்ணி. 2019-ல் வந்த இன்டெல் கோர் ஐ7-9750எச் போன்ற 45 வாட் சில்லுக்கு அடிப்படை வேகமே 2.6 கிகாஹெர்ட்ஸ். டர்போ போனாலும் அது பிழைத்துக்கொள்ளும். 2017-ல் வந்த கோர் ஐ5-8250யு போன்ற 15 வாட் சில்லுக்கு அடிப்படை 1.6 தான்; டர்போவில் 3.4 வரை போகும். அதில் 99 போட்டால் வேகம் பாதிக்கும் கீழே போய்விடும். லேப்டாப் குளிரும், உங்களுக்குத்தான் சூடேறும். கனமான சில்லு உள்ளவர்கள் 99 போடுங்கள். மெல்லிய லேப்டாப்காரர்கள் இதைத் தொட வேண்டாம், பவர் மோடை மட்டும் மாற்றினால் போதும். புதிய லேப்டாப்புகள் பலவற்றில் இந்த 99 வரியே ஒளிந்திருக்கும். அவற்றில் பேட்டரி அமைப்புகளில் உள்ள பவர் மோடும், தயாரிப்பாளர் தரும் செயலியில் உள்ள 'சைலன்ட்' வகை மோடும்தான் வழி.

இரண்டாவது வழி அண்டர்வோல்ட். வேகத்தைக் குறைக்காமல் மின்னழுத்தத்தை மட்டும் குறைப்பது. தயாரிப்பாளர்கள் எல்லாச் சில்லுக்கும் சேர்த்துக் கொஞ்சம் தாராளமாகவே மின்னழுத்தம் வைப்பார்கள். உங்கள் சில்லுக்கு அவ்வளவு தேவைப்படாமல் இருக்கலாம். த்ராட்டில்ஸ்டாப் என்ற மென்பொருளில் ஐம்பது மில்லிவோல்ட்டில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, தடுமாறினால் ஒரு படி மேலே ஏற வேண்டும். அளவு மீறினால் சில்லு கெடாது, ஆனால் நீலத் திரை வரும், திறந்திருந்த கோப்பு போகும். பொறுமை உள்ளவர்களுக்கு இதுதான் மிகச் சிறந்த வழி. ஆனால் இன்று பலருக்கு இந்தக் கதவே பூட்டியிருக்கிறது. 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானது. பர்மிங்காம், கிராஸ், லூவன் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள், மென்பொருள் வழியாக மின்னழுத்தத்தை ஆட்டியே இன்டெல் சில்லின் பாதுகாப்புப் பெட்டகத்துக்குள் கணக்கைப் பிழையாக்கிக் காட்டினார்கள். அதை அடைக்க வந்த பயாஸ் (லேப்டாப்பைத் தொடக்கி வைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டுகள் அண்டர்வோல்ட்டையும் சேர்த்துப் பூட்டிவிட்டன. அதற்குப் பிறகு வந்த லேப்டாப்புகள் பலவற்றில் அந்த வசதி தொடக்கத்திலேயே இல்லை. திறக்க வேண்டுமென்று பழைய பயாஸைத் தேடிப் போடாதீர்கள். சூட்டுக்குப் பயந்து திருடனுக்குக் கதவைத் திறந்து வைத்த கதையாகும்.

மூன்றாவது வழி, வேலையைக் குறைப்பது. கேம் ஆடுபவர்களுக்கு இதுதான் பெரிய லாபம், யாரும் சொல்வதில்லை. திரை நொடிக்கு 60 படம்தான் காட்டும் என்றால் சில்லு 140 படம் வரைந்து என்ன பயன்? மீதி 80 படமும் வெறும் சூடு. கேமுக்குள்ளேயே வரம்பு வைக்கலாம். என்விடியா கன்ட்ரோல் பேனலிலும் 2020 முதல் அதற்கென்று ஒரு வரி இருக்கிறது.

மருமகனுக்கு 99-ம் 60 படமும் வைத்தோம். பிராசசர் 60 வாட்டிலிருந்து 35 வாட்டுக்கு இறங்கியது. அதே அறை, அதே மதியம், 74 டிகிரி. திக்கல் நின்றது. "ஆனா மாமா, இப்ப லேப்டாப்போட பவரு வேஸ்ட் ஆகுதுல்ல?" என்றான். காசு கொடுத்து வாங்கிய டர்போவைப் பூட்டி வைப்பது அவனுக்கு மனசு கேட்கவில்லை. அது எனக்குப் புரிகிறது. புராஜெக்ட் ஓட்டும்போது 100 ஆக்கிக்கொள், ஆடும்போது 99 வை என்று சமாதானம் செய்தேன்.

இடையில் ஒரு விஷயம். இதையெல்லாம் கரன்ட் பில்லுக்காகச் செய்யாதீர்கள். 20 வாட் மிச்சம் பிடித்து ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் ஓட்டினால், இரண்டு மாத பில்லில் 4.8 யூனிட் குறையும். பில்தான் கவலை என்றால், தலைக்கு மேல் சுற்றுகிற 75 வாட் பழைய சீலிங் ஃபேனைக் கழற்றிவிட்டு 30 வாட் அளவில் ஓடும் பிஎல்டிசி ஃபேன் மாட்டுங்கள்; ஒரே ஃபேனில் அதைப்போல் பல மடங்கு மிச்சமாகும்.

தடையைக் குறைப்பது: தூசியும் பேஸ்ட்டும்

மனைவியின் லேப்டாப்பில் இந்த வித்தை எதுவும் எடுபடாது. 12 வாட்டுக்கே திணறுகிற ஒன்றை எட்டு வாட்டுக்கு இறக்கினால் வீடியோ வகுப்பே ஓடாது. வாட் குறைவாக இருந்தும் சூடு அதிகம் என்றால், அது மென்பொருள் தீர்க்கும் விஷயம் இல்லை. திறந்துதான் ஆக வேண்டும்.

பின்பக்க மூடியைக் கழற்றினேன். பேனுக்கும் உலோக இறக்கைகளுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு துண்டுக் கம்பளி. விரலால் உரித்தால் ஒரே பாளமாக வருகிறது. பேன் எவ்வளவு கத்தினாலும் காற்று போக வழியில்லை. மழைச் சத்தத்துக்குக் காரணம் கிடைத்தது. அந்த அறையின் மூலையில் இலவம்பஞ்சு மெத்தைகள் அடுக்கியிருக்கும்; வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணிப் புகை வேறு. நம் வீட்டுத் தூசி எந்தத் தயாரிப்பாளரின் சோதனைக்கூடத்திலும் இருக்காது.

இதை நீங்களே செய்வதென்றால் இரண்டு எச்சரிக்கைகள். எதையும் தொடுவதற்கு முன் பேட்டரியின் இணைப்பைக் கழற்றுங்கள். ப்ளோயரால் ஊதும்போது பேனின் இறக்கையை ஒரு பல் குத்தும் குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். வேகமாகச் சுழலவிட்டால் பேரிங் கெடும். ஈரத் துணி வேண்டாம்.

தூசியை எடுத்ததிலேயே பாதி வித்தியாசம் தெரிந்தது. மீதி, பேஸ்ட். சில்லுக்கும் தாமிரத்துக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் காற்று தங்கும். சூட்டைக் கடத்துவதில் தாமிரத்தின் அளவு 400 என்றால் காற்றினுடையது 0.026. அந்தக் காற்றை வெளியேற்றத்தான் பேஸ்ட். சில்லு சூடாகி விரிந்து குளிர்ந்து சுருங்க, ஆண்டுக்கணக்கில் பேஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குப் பிதுங்கிவிடும். மிச்சம் காய்ந்து சுண்ணாம்பாகும். 2018-ல் வாங்கிய இந்த லேப்டாப்பில் அப்படித்தான் இருந்தது.

எந்தப் பேஸ்ட்? ஆர்க்டிக் எம்எக்ஸ்-4, நோக்டுவா என்டி-ஹெச்1 போன்ற பெயர் தெரிந்த எதுவானாலும் சரி. சில நூறு ரூபாய். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் சண்டை போட ஒன்றுமில்லை. காய்ந்த பேஸ்ட்டுக்கும் புதிய பேஸ்ட்டுக்கும்தான் பெரிய தூரம். லேப்டாப்பை விற்கும் எண்ணமில்லை, இன்னொரு முறை திறக்கவும் மனமில்லை என்றால் ஹனிவெல்லின் பிடிஎம்7950 என்ற தாள் வகையைப் பாருங்கள். சாதாரணச் சூட்டில் திடமாக இருக்கும், 45 டிகிரி வாக்கில் இளகி இடைவெளியை நிரப்பும், பேஸ்ட்டைப்போல் எளிதில் பிதுங்காது. திரவ உலோகம் பக்கம் மட்டும் போகாதீர்கள். அதில் இருக்கும் காலியம் அலுமினியத்தை அரிக்கும். ஒரு சொட்டு மதர்போர்டில் சிந்தினால் ஷார்ட் ஆகும். யூடியூப்பில் அழகாக இருக்கும், வீட்டில் வேண்டாம்.

மூடியைத் திறக்க பயமிருந்தால் கடையில் கொடுங்கள். இங்கே ஒரு கடையில் பேஸ்ட்டோடு சேர்த்து 900 ரூபாய் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "பேஸ்ட் மாத்துவீங்களா, இல்ல காத்து மட்டும் அடிப்பீங்களா?" வாங்கும்போது அதே வேலையை ஓட்டி இரண்டு எண்களையும் பாருங்கள்.

வேலை முடிந்து மறுநாள் அதே மதிய வகுப்பு. 12 வாட், 76 டிகிரி. வாட்டுக்கு 4.75-லிருந்து 3.2-க்கு இறங்கியிருந்தது. மழை நின்றுவிட்டது என்று அந்தப் பையனிடம் சொன்னாளாம்.

கூலிங் பேட்: யாருக்கு ஆகும்?

மருமகனுக்கு இன்னும் பேட் ஆசை போகவில்லை. நியாயமாகப் பார்ப்போம். லேப்டாப்பின் அடியில் காற்று உள்ளே போகும் ஓட்டைகள் இருந்து, உள்ளே தூசி இல்லாமல் இருந்தால், பேட் சில டிகிரி இறக்கும். ஓட்டைகள் பக்கவாட்டிலோ கீல் பக்கத்திலோ இருந்தால் வெறும் தகட்டுக்கு விசிறுவதோடு சரி. அடைத்த இறக்கைகள் உள்ள லேப்டாப்புக்கு பேட் வாங்கினால் சாக்கடை அடைத்த வீட்டில் இன்னொரு குழாய் போட்ட மாதிரி. அதற்கும் மேலே, அது தூசியையும் சேர்த்து உள்ளே ஊதும். யுஎஸ்பி வழியாக ஓடுவதால் வெளியே பேட்டரியில் வேலை செய்யும்போது பேட்டரியையும் தின்னும்.

பேடின் பலனில் பெரும்பங்கு, லேப்டாப்பை மேசையிலிருந்து ஓர் அங்குலம் தூக்குவதிலேயே இருக்கிறது. அதற்குப் பின்பக்கம் இரண்டு தண்ணீர் பாட்டில் மூடிகள் போதும். மெத்தை, தலையணை, மடி மூன்றும் ஆகாது. மடிக்கணினி என்று தமிழில் பெயர் வைத்தவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் அந்தப் பெயரை நம்பி லுங்கியில் வைத்துக்கொண்டால் ஓட்டைகள் அத்தனையும் துணியால் மூடிவிடும், தொடையும் வேகும்.

என் தீர்ப்பு: மணிக்கணக்கில் கேம் ஆடுபவர் அல்லது வீடியோ எடிட் செய்பவர், மேற்சொன்ன இரண்டையும் செய்து முடித்த பிறகும் இன்னும் ஐந்து டிகிரி வேண்டுமென்றால் பேட் வாங்கட்டும். ஓரத்தில் நுரை வைத்து லேப்டாப்போடு ஒட்டி அமரும் ப்ளோயர் வகையாகப் பார்த்து. மற்றவர்களுக்கு அது ஒளிரும் விளக்கு வைத்த ஸ்டாண்ட்.

பேட்டரி: காசு போகும் இடம்

இவ்வளவு நேரம் பிராசசரைப் பற்றிப் பேசினாலும், சூட்டால் நமக்கு உண்மையில் செலவு வைப்பது பேட்டரிதான். லித்தியம் பேட்டரிக்கு இரண்டு எதிரிகள்: சூடு, முழு சார்ஜ். இரண்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பேட்டரி யூனிவர்சிட்டி என்ற இணையதளம் தரும் பட்டியல் ஒன்று இத்துறையில் எல்லாரும் காட்டுவது. 40 சதவீத சார்ஜில், 25 டிகிரியில் ஓராண்டு சும்மா வைத்த பேட்டரியில் கொள்ளளவு 96 சதவீதம் மிஞ்சும். அதையே முழு சார்ஜில் வைத்தால் 80. 40 டிகிரியில் 40 சதவீத சார்ஜ் என்றால் 85. 40 டிகிரியில் முழு சார்ஜ் என்றால் 65. கடைசி எண், கோடையில் நம் ஊரில் நாள் முழுக்கச் செருகியே கிடக்கும் லேப்டாப்புக்கு மிக நெருக்கமானது. ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லும் சுற்றுப்புற எல்லை 0 முதல் 35 டிகிரி. மேக்புக்குக்கும் உச்சம் 35 தான். ஏப்ரல் முதல் ஜூன் வரை வேலூர் மதியங்களில் நாம் அந்த எல்லைக்கு வெளியேதான் குடியிருக்கிறோம்.

அறைச் சூட்டை நாம் மாற்ற முடியாது; சார்ஜை முடியும். லெனோவோ, ஆசஸ் போன்ற பல தயாரிப்பாளர்களின் செயலியில் 60 அல்லது 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி இருக்கிறது. மனைவி முதலில் ஒப்பவில்லை. "கரன்ட் போச்சுன்னா என்னங்க பண்றது? ஃபுல்லா இருந்தாதான் தைரியம்." வகுப்பு ஒரு மணி நேரம். 80 சதவீதத்தில் அந்த லேப்டாப் இரண்டு மணி நேரம் தாராளமாக ஓடும் என்று ஓட்டிக் காட்டிய பிறகே சம்மதித்தாள். வெளியூர் போகும் முந்தின இரவு மட்டும் 100 ஆக்கிக்கொள்ளலாம்.

டச்பேட் கிளிக் ஆகாமல் இறுகினாலோ, மேசையில் லேப்டாப் ஆடினாலோ பேட்டரி வீங்கியிருக்கலாம். அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜில் போடாதீர்கள். இந்த நிலையில் ஒப்பீடு எதுவும் இல்லை, மாற்றத்தான் வேண்டும். பழையதைக் குப்பையில் போடக்கூடாது. 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பப் பெறுவது தயாரிப்பாளரின் பொறுப்பு.

இன்னொன்று, மூடி வைத்த லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு போகிற பழக்கம். புதிய விண்டோஸ் லேப்டாப்புகள் பல, மூடிய பிறகும் போனைப்போல் அரைத்தூக்கத்தில் இருந்து வலையோடு பேசிக்கொண்டிருக்கும். பைக்குள் காற்று கிடையாது. எடுக்கும்போது இட்லிப் பானையைத் திறந்த மாதிரி இருக்கும், பேட்டரியும் பாதி போயிருக்கும். மூடியை மூடினால் ஹைபர்னேட் ஆகும்படி, அதாவது திறந்திருப்பதைச் சேமித்துவிட்டு முழுதாக அணையும்படி, மாற்றி வையுங்கள்.

புதிதாகவே வாங்கிவிட்டால்?

பழைய லேப்டாப்புக்கு பேட்டரி, பேஸ்ட், கீல் என்று மூன்றும் தேவைப்பட்டால் யோசிக்க வேண்டியதுதான். 2020 நவம்பரில் ஆப்பிள் ஒரே எம்1 சில்லை இரண்டு உடம்பில் போட்டு விற்றது. பேனே இல்லாத மேக்புக் ஏர் ஒன்று, பேன் உள்ள 13 அங்குல மேக்புக் ப்ரோ இன்னொன்று. சாதாரண வேலையில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. பல நிமிடம் விடாமல் கனமான வேலை கொடுத்தால்தான் ஏர் வேகத்தைக் குறைக்கும். தின்பதே குறைவாக இருந்தால் மூச்சுக்குத் தனி ஏற்பாடு வேண்டாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை எனக்குத் தெரியவில்லை. 2024-ல் வந்த ஸ்னாப்டிராகன் எக்ஸ் லேப்டாப்புகளும் இன்டெல்லின் கோர் அல்ட்ரா 200வி வரிசையும் விண்டோஸ் பக்கம் அதே திசையில் வந்தவை. வகுப்பு, எழுத்து, அலுவலக வேலை செய்பவர்கள் அடுத்த முறை வாங்கும்போது இந்த வகையைப் பார்க்கலாம். ஸ்னாப்டிராகன் என்றால் நீங்கள் பயன்படுத்தும் தமிழ் விசைப்பலகை மென்பொருளும் பிரின்டரும் அதில் ஓடுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கேம்காரர்களுக்கு இதில் வழியில்லை. வாட் தின்னாமல் அந்த வேலை நடக்காது.

போனுக்குப் பேன் இல்லை, திறக்கவும் முடியாது. ஆகவே தீனியைக் குறைப்பது ஒன்றே வழி. சார்ஜில் போட்டுக்கொண்டே ஆடாதீர்கள், ஆடியே தீர வேண்டுமென்றால் கவரையாவது கழற்றுங்கள், காரின் டேஷ்போர்டில் விட்டுப் போகாதீர்கள். டார்க் மோடு ஓஎல்இடி திரையில் மட்டும் உதவும், அதுவும் வெளிச்சத்தை முழுதாக வைத்தால்தான் பெரிதாகத் தெரியும். 2021-ல் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வு, சாதாரண வெளிச்சத்தில் 3 முதல் 9 சதவீதம்தான் மிச்சம் என்றது. முழு வெளிச்சத்தில் 39 முதல் 47. சூடான போனைக் குளிர்பெட்டியில் வைக்கும் புத்திசாலிகள் இன்னும் இருக்கிறார்கள். உள்ளே நீர் வியர்த்து, சூட்டில் பிழைத்த போன் ஈரத்தில் போய்விடும்.

கடைசிக் கணக்கு இதுதான். மூவாயிரத்து அறுநூறு ரூபாயில் பேஸ்ட் டியூப் ஒன்று, சின்ன ஸ்க்ரூடிரைவர் செட் ஒன்று வாங்கினேன், மீதி அப்படியே இருக்கிறது. அதில் அடுத்த வருடம் மனைவியின் லேப்டாப்புக்குப் பேட்டரி. மருமகனுக்கு 74 டிகிரியும் போதவில்லை, 100-ல் வைத்து ஆடினால்தான் ஆட்டம் என்கிறான். அறைச் சூடு பத்து டிகிரி குறைந்தால் சில்லும் பத்து டிகிரி குறையும் என்று அந்தக் கணக்கை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான். இப்போது அவன் இரவு பதினொரு மணிக்கு மேல்தான் ஆட உட்காருகிறான். அக்கா என்னிடம் பேசுவதில்லை.